பரிந்துரைக் கடிதத்தை யார் பார்க்கலாம்? ஆம்காஸ், இன்டர்ஃபோலியோ சேவைகள், எழுதித் தருபவர் பார்வையில்

அமெரிக்காவில் ஒரு சிறிய கல்லூரியில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி நடத்துகிறேன். எங்கள் கல்லூரியில் டாக்டருக்குப் படிக்க நினைக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் என் வகுப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் ஒவ்வொரு வசந்த காலத்திலும் பரிந்துரைக் கடிதம் கேட்டு வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை. அந்தக் கடிதங்களை வாங்கிப் பத்திரமாக வைத்து மெடிக்கல் ஸ்கூல்களுக்கு அனுப்பும் சேவைகளைப் பற்றி மாணவர்கள் நிறையப் பேசுகிறார்கள். நான் எழுதித் தருகிற பக்கம் இருப்பவள், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

தமிழ்ப் பெற்றோர்கள் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்பது ஒன்றுதான். "மேடம், பையனைப் பற்றி என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று ஒரு தடவை பார்க்கலாமா?" பார்க்க முடியாது. பையனே பார்க்க முடியாது. அந்த ரகசியத்தை இந்தச் சேவைகள் எப்படிக் காக்கின்றன, அதனால் பிள்ளைக்கு லாபமா நஷ்டமா என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் சட்டம், ஏனென்றால் பயம் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. 1974-இல் வந்த ஃபெர்பா சட்டப்படி, கல்லூரி மாணவர் தன்னைப் பற்றி அந்தக் கல்லூரி வைத்திருக்கும் கல்விப் பதிவுகளைப் பார்க்கலாம். பரிந்துரைக் கடிதமும் அதில் சேரும். ஆனால் கடிதத்தைப் பார்க்கும் உரிமை எனக்கு வேண்டாம் என்று மாணவர் எழுத்தில் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்கலாம். விண்ணப்பத்தில் வரும் அந்தச் சின்னக் கட்டம் இதற்குத்தான். கல்லூரிக்குப் போய்விட்ட பிள்ளையின் சார்பில் அப்பாவோ அம்மாவோ இதில் கையெழுத்துப் போட முடியாது, உரிமை பிள்ளையுடையது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. மெடிக்கல் ஸ்கூல் விஷயத்தில் அந்த உரிமை, நீங்கள் சேர்ந்து படிக்கிற பள்ளியில்தான் உங்களுக்கு உண்டு. இடம் தராத பள்ளியிடம் போய் "என் கோப்பைக் காட்டுங்கள்" என்று ஃபெர்பாவைச் சொல்லிக் கேட்க முடியாது. சேர்ந்த பள்ளியிலும் அவர்கள் கடிதத்தை அதுவரை வைத்திருந்தால்தான் பார்க்க முடியும். இது போக, நீங்கள் ஏற்கெனவே படித்த கல்லூரியின் ப்ரீ-ஹெல்த் அலுவலகத்தில், அதாவது டாக்டருக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு வழிகாட்டும் அலுவலகத்தில், கடிதம் இருந்தால் அங்கே கேட்கலாம். கையெழுத்துப் போடுவதால் கையை விட்டுப் போவது இவ்வளவுதான். பெரிய சொத்தை எழுதிக் கொடுத்தது போலப் பிள்ளைகள் தவிப்பதைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

கையெழுத்துப் போட்ட பிறகும் சில பாதுகாப்புகள் உண்டு. யார் யார் கடிதம் கொடுத்தார்கள் என்று கேட்டால் பெயர்களைச் சொல்லியாக வேண்டும். எதற்காக வாங்கிய கடிதமோ அதற்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும். உரிமையை விட்டுக்கொடுத்தால்தான் சேர்ப்போம் என்று கட்டாயப்படுத்தவும் கூடாது.

சரி, சேவைகளுக்கு வருவோம். எம்.டி. படிப்புக்கான (இங்கே டாக்டராவதற்கான முதல் பட்டமே அதுதான்) பொது விண்ணப்பம் ஆம்காஸ். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏ.ஏ.எம்.சி. நடத்துவது. அதற்குள்ளேயே கடிதச் சேவையும் இருக்கிறது. மாணவர் ஒரு படிவத்தை உருவாக்கி எனக்கு அனுப்புவார். அதில் அவருடைய ஏ.ஏ.எம்.சி. எண்ணும் அந்தக் கடிதத்துக்கென்றே தரப்பட்ட லெட்டர் ஐடியும் இருக்கும். நான் அந்த எண்களைப் போட்டு கோப்பை ஏற்றிவிட்டால் முடிந்தது. ஏற்றுகிறவருக்குச் செலவு கிடையாது. கடிதம் வந்து சேர்ந்துவிட்டது என்பது மாணவருக்குத் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. மொத்தம் பத்துக் கடிதப் பதிவுகள் வரை வைத்துக்கொள்ளலாம். எந்தப் பள்ளிக்கு எது போக வேண்டும் என்பதை மாணவரே தீர்மானிக்கலாம்.

எழுதுகிறவள் என்ற முறையில் எனக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு. நடுவில் யார் கையும் படாமல் நான் ஏற்றிய கோப்பு அப்படியே போகிறது. ஒரு கடிதம் ஒரே எண்ணில் நிற்பதால், ஒருவருடையது இன்னொருவர் கோப்பில் சேர்ந்துவிடும் கவலையும் குறைவு. ஆனால் ஒன்று, மாணவர் அந்த ஐடியைச் சரியாக அனுப்ப வேண்டும். மூன்று பேராசிரியர்களுக்கு மூன்று ஐடி. ஒருவருடையதை மற்றவருக்கு அனுப்பினால் கெமிஸ்ட்ரி கடிதம் இருக்க வேண்டிய இடத்தில் வரலாறு வந்து உட்கார்ந்திருக்கும், திறந்து பார்த்துக் கண்டுபிடிக்க மாணவருக்கு வழி இல்லை. அனுப்புவதற்கு முன்பு பெயரையும் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள் என்று என் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கல்லூரியில் ப்ரீ-ஹெல்த் கமிட்டி இருந்தால் அவர்கள் எல்லாருடைய கருத்தையும் திரட்டி ஒரு கமிட்டிக் கடிதமாகத் தரலாம், அல்லது தனித்தனிக் கடிதங்களை ஒரே கட்டாகச் சேர்த்து அனுப்பலாம். ஆம்காஸில் இரண்டுமே ஒரே ஒரு பதிவாகத்தான் கணக்கு.

இனி இன்டர்ஃபோலியோ. கல்லூரிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் நெடுநாளாகப் பயன்படுத்தும் சேவை, 2022-இல் எல்ஸ்வியர் நிறுவனம் வாங்கியது. கடிதங்களைச் சேமித்து வைத்து வேண்டிய இடத்துக்கு அனுப்பும் இதன் டோசியே கணக்கைத்தான் மெடிக்கல் மாணவர்கள் பயன்படுத்துகிறார்கள். மாணவர் சந்தா கட்டுகிறார், எழுதுகிறவருக்கு இலவசம். அங்கிருந்து ஆம்காஸுக்கும், டாக்டராவதற்கான இன்னொரு வழியான ஆஸ்டியோபதி (டி.ஓ.) படிப்பின் பொது விண்ணப்பமான ஆகோமாஸுக்கும், டெக்சாஸ் மாநிலத்துக்கென்று தனியாக இருக்கும் விண்ணப்பத்துக்கும் கடிதம் போகும்.

இங்கே எனக்குப் பிடித்தது கால வசதி. இரண்டாம் ஆண்டில் என் வகுப்பில் இருந்த பையன் படிப்பை முடித்து, ஒன்றிரண்டு வருஷம் ஆய்வகத்திலோ மருத்துவமனையிலோ வேலை பார்த்துவிட்டுத்தான் விண்ணப்பிக்கிறான். இப்போது அப்படிப் போகிறவர்கள் அதிகம். அதற்குள் அவன் எந்தக் கேள்வி கேட்டான், எந்தச் சோதனை மூன்று தடவை கெட்டுப் போயும் விடாமல் நின்றான் என்பதெல்லாம் என் நினைவில் மங்கிவிடும். வகுப்பு முடிந்த கையோடு எழுதி இன்டர்ஃபோலியோவில் போட்டு வைத்தால் அந்த விவரம் எல்லாம் சூடாக அப்படியே இருக்கும். பேராசிரியர்கள் ஓய்வு பெறுகிறார்கள், வேறு ஊருக்குப் போகிறார்கள், சிலர் இறந்தும் போகிறார்கள். கடிதம் போய்விடாது.

ரகசியத்தைப் பொறுத்தவரை இதன் வேலை சுத்தம். மாணவர் கோரிக்கை அனுப்பும்போதே இது ரகசியக் கடிதமா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும். ரகசியம் என்றால் அவர் கணக்கில் என் பெயரும் கடிதம் வந்துவிட்டது என்ற தகவலும் இருக்கும். திறக்க முடியாது, தன் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிப் பார்த்துக்கொள்ளவும் முடியாது. காசு கட்டுகிறவர் மாணவர், பூட்டு மட்டும் அவரிடம் இல்லை. காசு வாங்கிக்கொண்டு இந்த எல்லையைக் காப்பாற்றுவது எனக்கு மரியாதைக்குரிய விஷயமாகப் படுகிறது.

குறையும் உண்டு, அது சேவையின் குறை அல்ல, சேமித்து வைக்கிற எந்தக் கடிதத்துக்கும் வருகிற குறை. "தற்போது என் வகுப்பில் படிக்கிறார்" என்று எழுதிய கடிதம் இரண்டு வருஷம் கழித்துப் போனால் படிக்கிறவர்களுக்கு உறுத்தும். தேதி பழையது, நடுவில் அந்தப் பிள்ளை செய்த வேலை எதுவும் அதில் இல்லை. மாணவருக்கோ அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. அதனால் விண்ணப்பிக்கும் வருஷம் எனக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, "இந்த இரண்டு வருஷத்தில் இதெல்லாம் செய்தேன், கடிதத்தைப் புதுப்பித்துத் தர முடியுமா" என்று கேட்க வேண்டும். கேட்டால் எந்த ஆசிரியரும் கோபிக்க மாட்டார்.

யாருக்குத் தேவை? படிப்பு முடிந்ததும் நேராக எம்.டி.க்கு மட்டும் விண்ணப்பிக்கிறவருக்கு ஆம்காஸ் கடிதச் சேவையே போதும், சந்தாக் காசு மிச்சம். இரண்டு மூன்று வகை விண்ணப்பம் போடுகிறவர், இடைவெளி எடுக்கிறவர், கமிட்டி இல்லாத கல்லூரியில் படித்தவர், இவர்களுக்கெல்லாம் இன்டர்ஃபோலியோ கொடுத்த காசுக்குத் தகுந்தது. கமிட்டிக் கடிதம் தருகிற கல்லூரியில் இருந்தால் முதலில் அந்த அலுவலகத்தைப் போய்க் கேளுங்கள், வேலை அங்கேயே முடிந்துவிடலாம்.

ஆகோமாஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே மாணவர் என் பெயரையும் மின்னஞ்சலையும் பதிந்தால் எனக்கு நேராக அழைப்பு வரும். உரிமையை விட்டுக்கொடுத்தாரா இல்லையா என்பதை அந்தக் கோரிக்கையிலேயே அவர் குறித்தாக வேண்டும், அது எனக்கும் தெரியும். குறித்தபின் மாற்ற முடியாது, ஆகவே அவசரத்தில் சொடுக்கிவிடாதீர்கள்.

விட்டுக்கொடுக்காத மாணவருக்கு எழுதுவேனா? எழுதுவேன். சட்டம் தந்த உரிமையை ஒருவர் வைத்துக்கொண்டதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்பது என் கொள்கை. ஆனால் மெடிக்கல் ஸ்கூலில் படிக்கிற சேர்க்கைக் கமிட்டி அந்தக் கடிதத்தை அதே நம்பிக்கையோடு படிக்குமா என்று கேட்டால், படிக்காது என்றுதான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதற்குக் காரணம் இருக்கிறது. நல்ல கடிதத்தில் வெறும் புகழ்ச்சி இருக்காது. "முதல் தேர்வில் தடுமாறினாள். அடுத்த வாரமே என் அறைக்கு வந்து தவறிய ஒவ்வொரு கணக்கையும் கரும்பலகையில் போட்டுக் காட்டச் சொன்னாள். செமஸ்டர் முடிவில் மற்றவர்கள் அவளிடம் சந்தேகம் கேட்டார்கள்." இப்படி எழுதினால்தான் அந்தப் பிள்ளை உயிரோடு எழுந்து நிற்கும். தடுமாறினாள் என்ற சொல் இருப்பதால்தான் பின்னால் வருவதை நம்புகிறார்கள். மாணவி படிப்பாள் என்று தெரிந்தால் பல ஆசிரியர்களின் கை அந்த முதல் வரியை அடித்துவிடும். மிஞ்சுவது "கடின உழைப்பாளி, பண்பானவர்" என்ற எல்லாருக்கும் பொருந்தும் சொற்கள்.

பூட்டு எப்போதும் ஒழுங்காக வேலை செய்வதில்லை என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். என்னிடம் ஆய்வு செய்ய வந்த ஒரு மாணவி முன்பு வேறொரு கல்லூரியில் படித்தவள். அந்தக் கல்லூரி அலுவலகம் அவளுடைய ரகசியக் கடிதங்களின் கட்டை மெடிக்கல் ஸ்கூல்களுக்கு அனுப்பும்போது, அதன் நகலை அவளுக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் அவள், திறந்து காட்டியது அவர்கள். படித்துவிட்டாள். மறுநாள் என் அறையில் வந்து உட்கார்ந்தவள், ஒரு பேராசிரியர் எழுதிய ஒற்றை வரியை மட்டும் மனப்பாடமாகச் சொன்னாள்: "கூட்டத்தில் பேசத் தயங்குவார்." மீதி என்ன எழுதியிருந்தார் என்று கேட்டேன். யோசித்து யோசித்துச் சொன்னாள். நோயாளிகளிடம் தன்னார்வப் பணியில் மணிக்கணக்காக உட்கார்ந்து கேட்டதையும், வயதான ஒருவர் அவளைத்தான் வேண்டும் என்று கேட்டதையும் எழுதியிருக்கிறார். எனக்கு அது அவளுக்குக் கிடைத்திருக்கக்கூடிய மிகச் சிறந்த கடிதமாகப் பட்டது. அவளுக்கோ அந்த ஒரு வரி போதும், நேர்காணலுக்குப் போகுமுன்பே தோற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டாள். அவளைத் தேற்றி நேர்காணலுக்குத் தயார் செய்யப் பல வாரம் ஆயிற்று. அந்த அலுவலகத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. இருபது வயதுப் பிள்ளை தன்னைப் பற்றிய தீர்ப்பை அந்த நேரத்தில், அந்த மாதிரி, தனியாக ஒரு திரையில் படித்திருக்கக் கூடாது. கடிதம் ஏற்றுகிற வேலையை ஆசிரியரிடமே விடும் சேவைகளை நான் ஆதரிப்பதற்கு இதுவும் காரணம்.

இன்னொரு ஓட்டை இதைவிடப் பெரியது. "நீயே எழுதிக் கொண்டு வா, நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்கிற மேலதிகாரிகள் இருக்கிறார்கள். ஆய்வகத்திலும் உண்டு, மருத்துவமனையிலும் உண்டு. மாணவருக்கு மறுக்கத் துணிவு வராது. எந்தச் சேவையாலும் இதைத் தடுக்க முடியாது, ஆம்காஸின் பார்வையில் அதுவும் ஒழுங்காக ஏற்றப்பட்ட ரகசியக் கடிதம்தான். அப்படிக் கேட்டால், கடிதத்துக்குப் பதிலாக நீங்கள் அவரிடம் செய்த வேலையின் குறிப்புகளை எழுதிக் கொடுங்கள். "எழுதுவதற்கு உதவியாக இருக்கும்" என்று சொல்லிக் கொடுத்தால் பெரும்பாலானவர்கள் வாங்கிக்கொள்வார்கள். அதற்கும் மசியாதவரிடம் கடிதம் வாங்காமல் இருப்பதே மேல்.

ரகசியம் மாணவருக்கு எதிராக மட்டும் வேலை செய்கிறது என்று நினைப்பவர்களுக்கு இதையும் சொல்ல வேண்டும். எனக்கும் கட்டுப்பாடு உண்டு. வகுப்பில் நானே பார்த்ததை எழுதலாம். ஆனால் மதிப்பெண், ஜி.பி.ஏ. போன்றவற்றைக் கல்விப் பதிவிலிருந்து எடுத்துக் கடிதத்தில் போட வேண்டுமானால் மாணவரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும், அதே ஃபெர்பா சட்டப்படி. கடிதம் எழுதுகிறவர்களுக்காக ஏ.ஏ.எம்.சி. வெளியிட்டிருக்கும் வழிகாட்டுதலும், தனிப்பட்டது என்று கருதக்கூடிய எதையும் மாணவரின் அனுமதி இல்லாமல் சேர்க்க வேண்டாம் என்கிறது. என் மாணவன் ஒருவன் அம்மாவின் நோயால் ஒரு செமஸ்டரைப் பாதியில் விட்டான். அதை எழுதினால் அவனுடைய மதிப்பெண் சரிவு புரியும், எழுதாவிட்டால் வெறும் சரிவாகத் தெரியும். அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். இரண்டு நாள் யோசித்து, "அம்மாவைப் பற்றி வேண்டாம், குடும்பப் பொறுப்பு என்று மட்டும் சொல்லுங்கள் ப்ரொஃபசர்" என்றான். அப்படியே எழுதினேன். கடிதத்தை அவன் பார்க்கவில்லை. தன் வீட்டு விஷயம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அவன்தான் தீர்மானித்தான்.

ஆகவே பெற்றோர்களுக்கு என் பதில்: கடிதத்தைக் கேட்காதீர்கள், பிள்ளையை முன்கூட்டியே பேசச் சொல்லுங்கள். கேட்க வேண்டிய கேள்வி, "எனக்கு வலுவான கடிதம் எழுத உங்களால் முடியுமா?" என்பது. 'வலுவான' என்பதை விட்டுவிடக் கூடாது. முடியாதவர் அந்த இடத்திலேயே நழுவுவார். "உன்னை அவ்வளவாக எனக்குத் தெரியாதே", "இந்த வருஷம் நேரம் இல்லை" என்பார். அதை அப்படியே ஏற்றுக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போக வேண்டும், கெஞ்சக் கூடாது. சரி என்று சொன்னவரிடம், "என்னைப் பற்றி எதை எழுத நினைக்கிறீர்கள்?" என்று கேட்பதிலும் தவறில்லை. நான் வாய்விட்டுச் சொல்லிவிடுவேன், முதல் தேர்வுத் தடுமாற்றம் உட்பட. உரிமையை விட்டுக்கொடுத்த மாணவரிடம் ஆசிரியர் தானாக மனம் விட்டுப் பேசுவதை எந்த விதியும் தடுக்கவில்லை.

நேரக் கணக்கு: ஆம்காஸ் மே மாதத் தொடக்கத்தில் திறக்கும், மே கடைசியில் சமர்ப்பிக்கலாம், ஜூன் கடைசியில் பள்ளிகளுக்குப் போகத் தொடங்கும். கடிதங்கள் வராவிட்டாலும் ஆம்காஸ் விண்ணப்பத்தைச் சரிபார்க்கும், சமர்ப்பித்த பிறகும் புதுக் கடிதம் சேர்க்கலாம். அதற்காகச் சும்மா இருந்துவிடாதீர்கள், கடிதம் வராத கோப்பைப் பல பள்ளிகள் முழுமையானதாக எடுத்துக்கொள்ளாது. என் மாணவர்களை மார்ச்சுக்குள் கேட்கச் சொல்கிறேன். கேட்டவர்கள் தங்கள் ரெஸ்யூமேயையும், என் வகுப்பில் செய்ததைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பையும் தர வேண்டும். லெட்டர் ஐடி வந்த அன்றே அனுப்பிவிட வேண்டும். ஜூன் நடுவில் கடிதம் வந்ததாக இன்னும் காட்டவில்லை என்றால் எனக்கு ஒரு வரி எழுதலாம், நினைவுபடுத்தினால் நான் வருத்தப்பட மாட்டேன்.